நடக்காதவை முதலில்

குப்பம்மாள் ஒரு முழுப் பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் ஆபீஸ் படியேறி வந்த காலையில் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். அடுத்த நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த மேசைக்கு அடுத்து வரப்போகிறவர் யார் என்று எனக்கு இன்னும் சொல்லவில்லை. யாராக இருந்தாலும், சாவியையும் டைப்ரைட்டரையும் ஒப்படைக்கும் முன்னால் அந்தப் பூசணிக்காய் விவரத்தை எழுதி வைத்துவிட்டுப் போவதுதான் சரி.

1. வேலைக்குச் சேர்ந்தது

எழுபதுகளின் தொடக்கம். பி.யூ.சி. முடித்து, தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்து, செவ்வாப்பேட்டையில் எங்கள் வீட்டில் எல்லாரையும் பேஜார் பண்ணிக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ.வுக்கு டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். மறுநாளே பேசின் பிரிட்ஜில் ரயில் மாறிப் போய் நின்றேன்.

ஆபீஸ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஸ்டேஷனுக்கு எதிரே சைக்கிள் கடைக்கு மேல் ஒற்றை அறை. ஒரு டைப்ரைட்டர், கையால் சுற்றுகிற சைக்ளோஸ்டைல் மெஷின், மனு கொடுக்க வருகிறவர்களுக்கு இரண்டு பெஞ்சு. எம்.எல்.ஏ.வுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். தேர்தலில் நிற்பதற்கு முன்னால் ஊத்துக்கோட்டை ரூட்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் செக்கிங் இன்ஸ்பெக்டர். ஊர் ஜனங்கள் ‘நைனா’ என்பார்கள். நான் சார் என்பேன்.

அவர் ஒவ்வொரு சட்டசபைக் கூட்டத்தொடரின்போதும் தொகுதி மக்களுக்கு ஒரு கடிதம் போடுவார். சபையில் என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது, ஊரில் என்ன வேலை நடக்கிறது என்று இரண்டு பக்கம். பழைய கடிதம் ஒன்றை என்னிடம் நீட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“இதை யாரும் முழுக்கப் படிக்க மாட்டாங்க சார். ‘ஆவன செய்யப்படும்’னு பதினோரு இடத்துல இருக்கு” என்றேன்.

எண்ணிப் பார்த்தார். பதினொன்றுதான். “அப்ப இனிமே நீயே எய்து” என்றார். அதுதான் என் நேர்காணல்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. டைப் அடித்துக் காட்டினால் ஏதாவது ஒரு வரியில் விரலை வைத்து, “இதுக்கு டிக்கெட் எங்க?” என்பார். அந்தச் செய்திக்கு என்ன ஆதாரம் என்று அர்த்தம். அரசாணை நம்பரோ, சபைப் பதிலோ, இன்ஜினீயர் கடிதமோ எடுத்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரி பாதி வழியில் இறங்க வேண்டியதுதான்.

கடிதம் போகிற விதமும் அவருடைய பழைய தொழில்தான். ஸ்டென்சில் வெட்டி, மை தடவி, நான் சுற்றி முடித்த கட்டுகளை அவருடைய பழைய கண்டக்டர்கள் பஸ்ஸில் எடுத்துப்போய் ஊர் ஊராகப் போடுவார்கள். சாயந்திரம் பஞ்சாயத்து ரேடியோவில் செய்தி முடிந்ததும், ரேடியோ போடுகிறவர் அதை நிறுத்திவிட்டு எங்கள் கடிதத்தை உரக்க வாசிப்பார். ரேடியோவில் வந்ததும் கடிதத்தில் வந்ததும் ஜனங்களுக்கு ஒரே எடைதான். இதை நான் பெருமையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் இருக்கிற ஆபத்து எனக்குத் தெரியவில்லை.

2. மாடத்தில் இருந்து பார்த்தது

அந்தச் சமயம் எங்கள் பக்கம் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று நிலம் எடுக்கும் அறிவிப்பு கெஜட்டில் வந்தது. பெரும்பாலும் புஞ்சை, மேய்ச்சல் தரை. ஆனால் அல்லிமேட்டுக் கண்டிகையில் ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சையும் சர்வே நம்பரோடு பட்டியலில் இருந்தது. இரண்டு போகம் விளைகிற வயல். முப்பத்தேழு பேருக்குச் சொந்தம். ஆட்சேபணை இருந்தால் அறிவிப்பு வந்து முப்பது நாளுக்குள் ஒவ்வொருவரும் திருவள்ளூர் நிலமெடுப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நாள் தாண்டினால் பிறகு வயலைப் பற்றிப் பேச வழியில்லை. தொகை எவ்வளவு என்பதைப் பற்றி மட்டும்தான் பேசலாம்.

கண்டிகைக்காரர்கள் மனு எழுதத் தொடங்கியிருந்தார்கள். எம்.எல்.ஏ. சபையில் துணைக் கேள்வியாக இதை எடுப்பதாகச் சொன்னார். எனக்குப் பார்வையாளர் மாடத்துக்குப் பாஸ் வாங்கித் தந்தார். மாடத்தில் எதையும் குறித்துக்கொள்ளக் கூடாது. பேனாவையே வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எம்.எல்.ஏ. எழுந்து, ஏரித் தண்ணீர் பாய்கிற வயலை விட்டுவிட்டு மேட்டுப் புஞ்சையை எடுத்தால் பேட்டைக்கும் நல்லது, சோற்றுக்கும் நல்லது என்றார். அமைச்சர் சிரித்துக்கொண்டே நல்ல வார்த்தையாகப் பதில் சொன்னார். இரண்டு பக்கமும் மேசையைத் தட்டினார்கள். எனக்கு உடம்பு புல்லரித்தது. கீழே இறங்கிவந்து பேனாவை வாங்கும்போதே கடிதத்தின் முதல் வரி எனக்குள் தயாராக இருந்தது.

‘அல்லிமேட்டுக் கண்டிகை மக்களே, உங்கள் நஞ்சை தப்பியது. அதைத் தொடமாட்டோம் என்று அமைச்சர் சட்டசபையில் அறிவித்தார்.’

உறுப்பினர் கேட்டதும் அமைச்சர் சொன்னதும் டைப் பிரதியாகத் திருத்தத்துக்கு உறுப்பினருக்கு வரும். இரண்டு நாள் பொறுத்திருந்தால் கையில் இருந்திருக்கும். நான் பொறுக்கவில்லை. ஸ்டென்சிலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எம்.எல்.ஏ. ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி ஜீப்பில் ஒரு கால் வைத்திருந்தார். ஜீப் மூக்கின் மேல் வைத்தே கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு மட்டும் டிக்கெட் எங்கே என்று கேட்கவில்லை.

3. பூசணிக்காய்

குப்பம்மாளை எனக்கு முன்பே தெரியும். கண்டிகைக்காரி. புருஷன் இல்லை. ஏரி மதகுக்கு அடுத்து இரண்டு ஏக்கர் அவளே நின்று பயிர் வைக்கிறவள். மனு கொடுக்க வந்தால் பெஞ்சில் உட்கார மாட்டாள், சுவரோரம் குந்திக்கொள்வாள்.

அன்றைக்கு நேராக என் மேசைக்கு வந்து, டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் பூசணிக்காயை இறக்கினாள்.

“நைனாவுக்கு இல்ல, உனக்குத்தான் பாப்பா. நீதான எய்தினே? ரேடியோ ரூமாண்ட படிச்சாங்க. ஊரே அய்துச்சி.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. மதகுப் பக்கம் நடவு முடிந்ததா என்று விசாரித்தேன். முடிந்து பச்சை பிடித்துவிட்டதாம். பேசிக்கொண்டே எழுந்தவள் போகிற போக்கில் சொன்னாள்:

“நல்ல வேள, திருவள்ளூருக்கு நடக்கற வேலயும் மிச்சம். மனுவெல்லாம் எய்தி வச்சிக்கினு இருந்தோம். கிய்ச்சி அடுப்புல போட்டுட்டேன்.”

“நீங்க மட்டுமா?”

“எல்லாருந்தான். அதான் வுட்டுட்டாங்கன்னு எய்திட்டியே, அப்புறம் மனு இன்னாத்துக்கு?”

அவள் படியிறங்குகிற வரைக்கும் சிரித்த முகமாகத்தான் நின்றேன். பிறகு கெஜட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். அன்று திங்கள். முப்பதாவது நாள் வியாழன்.

எம்.எல்.ஏ. சென்னையில் உறுப்பினர் விடுதியில் இருந்தார். அடுத்த பாசஞ்சரில் ஏறினேன். விடுதி அறையில் அமைச்சர் பேசிய டைப் பிரதி வந்து மேசைமேல் இருந்தது. நின்றபடியே படித்தேன். ‘உறுப்பினர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நஞ்சையைத் தவிர்த்து எடுக்க முடியுமா என்று அதிகாரிகளைப் பார்க்கச் சொல்கிறேன்.’ இவ்வளவுதான். நான் சரியாகத்தான் கேட்டிருந்தேன். கேட்டதற்கு மேல், மேசை தட்டிய சத்தத்தையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

எம்.எல்.ஏ.விடம் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் விரல் என் வரியில் வந்து நின்றது. அதே அறையில் தங்கியிருந்த வேறு ஊர் உறுப்பினர் ஒருவர், தாடியை மழித்துக்கொண்டே யோசனை சொன்னார்: கடிதம் தப்பு என்று ஏன் தண்டோரா போட வேண்டும்? ஆளை அனுப்பி, வேறு எதற்கோ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டால் போயிற்று. அதையும் அடுத்த கடிதத்தில் சாதனையாகப் போடலாம்.

அந்த நிமிடம் எனக்கு மறக்காது. எம்.எல்.ஏ. அந்த யோசனையை எடைபோட்டார். நானும்தான் போட்டேன்.

“எதுக்குன்னு தெரியாம கையெய்த்து போட்ட ஜனம், நாளைக்கு விசாரணையில இன்னா சொல்லும்?” என்றார் கடைசியில். பிறகு என்னைப் பார்த்து, “நாளைக்கு எனக்குக் கேள்வி நேரம் கீது. வர முடியாது. நீ போயி படிக்கிறியா?”

“நான்தானே சார் எழுதினேன்.”

“நானுந்தான கையெய்த்து போட்டேன். அதயும் எய்து.”

4. ரேடியோ அறைக்கு எதிரே

செவ்வாய்க்கிழமை இரண்டு ஸ்டென்சில் வெட்டினேன். ஒன்று திருத்தக் கடிதம். இன்னொன்று ஆட்சேபணை மனு. பெயர், சர்வே நம்பர், விஸ்தீரணம் மூன்றுக்கும் இடம் விட்டு மற்றதை முழுக்க டைப் அடித்தேன். சர்வே நம்பர் கெஜட்டிலேயே இருந்தது. செவ்வாப்பேட்டைக்கு, ‘வர இரண்டு நாள் ஆகும்’ என்று தந்தி கொடுத்தேன். தந்தி என்றதும் வீட்டில் பிரித்துப் பார்க்காமலே அழுதிருக்கிறார்கள். அதற்கும் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அன்று சாயந்திரம் கண்டிகையில் ரேடியோ செய்தி முடிந்தது. ரேடியோ நின்றது. வாசிக்கிறவருக்குப் பதில் நான் எழுந்து நின்றேன். ‘சென்ற கடிதத்தில் நஞ்சை தப்பியது என்று எழுதியது தவறு. அமைச்சர் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னது இது’ என்று ஆரம்பித்து, அமைச்சரின் இரண்டு வரியையும், வியாழக்கிழமை கடைசி நாள் என்பதையும், எழுதியவள் நான், கையெழுத்துப் போட்டவர் எம்.எல்.ஏ., இரண்டு பேர் தவறும் இது என்பதையும் வாசித்தேன்.

தணிகாசலம் என்பவர், ரோட்டோர நஞ்சைக்காரர், முதலில் பேசினார்.

“பொட்டப் புள்ளய அனுப்பிட்டு உங்க நைனா எங்க குந்திக்கினு கீறாரு?”

“சபையில இருக்கார்.”

“அங்க கீறவரு சொன்னாருன்னு எய்தினது பொய்யின்றே. இப்ப எய்திக்கினு வந்தது மட்டும் நெசமா? ஒரு காயிதத்த நம்பினோம், மனு சாம்பலாச்சி. இன்னொரு காயிதத்துல கை வக்கச் சொல்றியா? நான் வக்க மாட்டேன்.”

டைப் பிரதியை அவரிடம் நீட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது நீட்டிய பிறகுதான் உறைத்தது. அது இன்னும் மோசமாகிவிட்டது. யாரோ சிரித்தார்கள். அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். பின்னாலேயே நாலைந்து பேர் எழுந்தார்கள்.

குப்பம்மாள் எழவில்லை.

“பூசணிக்கா இன்னா பண்ணே?” என்றாள் என்னிடம்.

“வெட்டல. அப்படியே இருக்கு.”

“அப்ப சரி” என்று சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: “நல்ல சேதி சொல்ல அம்பது பேரு வருவான். தப்பு பண்ணிட்டேன்னு ஊடு தேடி வந்து சொன்னவள நான் இப்பதான் பாக்கறேன். வயல் என்துபா. கோவத்துக்காக வுட முடியுமா? ஏ பாப்பா, அந்த மனுவுல இன்னா போட்டுக்கீதுன்னு படி. மெதுவா படி.”

படித்தேன். கைநாட்டு வைத்தாள். அடுத்து வந்தவரும் தனக்குப் படிக்கச் சொன்னார். எல்லா மனுவும் ஒன்றுதான் என்றேன். “இருக்கட்டும், என்துல இன்னா கீதுன்னு படி” என்றார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். அன்று சாயந்திரமும் புதன் முழுக்கவும் வீடு வீடாகப் போய் ஒரே மனுவை வார்த்தை விடாமல் படித்தேன். யாரும் எனக்காக இரக்கப்பட்டுக் குறைத்துக்கொள்ளவில்லை. முதலில் அவமானமாக இருந்தது. பத்துப் பதினைந்து வீடு தாண்டியபின் அது அவமானம் இல்லை என்று தோன்றியது. போன கடிதத்தையும் இவர்கள் இப்படித்தான் ஒவ்வொரு வார்த்தையாக நம்பியிருக்கிறார்கள்.

புதன் இருட்டுவதற்குள் முப்பத்தாறு மனு சேர்ந்தது.

5. தரைப்பாலம்

வியாழன் காலை குப்பம்மாளும் இன்னும் இரண்டு பேரும் நானும் ஊத்துக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வந்து நின்றபோது தணிகாசலம் வரப்பில் ஓடிவந்தார். “எனக்கும் படி” என்றார். கண்டக்டர் விசில் ஊதாமல் வாயில் வைத்துக்கொண்டு நின்றார். முப்பத்தேழாவது தடவையாகப் படித்தேன். பஸ்ஸில் இருந்தவர்களும் கேட்டார்கள். படிக்கட்டில் வைத்துக் கட்டைவிரலை ஒற்றிவிட்டு, “நீ எய்தினது பொய்யானா மறுபடியும் வருவே, இல்ல?” என்றார். வருவேன் என்றேன். அவரும் ஏறிக்கொண்டார்.

ஊத்துக்கோட்டையில் ஆரணி ஆறு தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவு போய்க்கொண்டிருந்தது. திருவள்ளூர் பஸ் இந்தக் கரைக்கு வராது என்றார்கள். எங்கள் கண்டக்டர் இறங்கி, கையை வாயருகே குவித்து, அக்கரையில் திரும்ப இருந்த பஸ்ஸை நிற்கச் சொல்லிக் கத்தினார். அந்த டிரைவரும் எம்.எல்.ஏ.வின் பழைய கம்பெனி ஆள்தான். நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். மனுக் கட்டு குப்பம்மாள் தலையில், அன்னக்கூடை மாதிரி. நடுவில் எனக்குக் கால் வழுக்கியது. “நீ போனா போ, காயிதத்த நான் பாத்துக்கறேன்” என்றாள். ஆனால் என் மணிக்கட்டை விடவில்லை.

நிலமெடுப்பு அலுவலகத்தில் தபால் வாங்குகிற கிளார்க் கட்டைப் பார்த்துவிட்டு, மொத்தமாக ஒரே தபாலாகப் பதிந்துகொள்கிறேன் என்றார். நான் விடவில்லை. ஆட்சேபணை ஒவ்வொருவருடையது, சீலும் ஒவ்வொன்றுக்கும் வேண்டும் என்றேன். மனுவிலும் நகலிலும் சேர்த்து எழுபத்திநாலு தடவை சீல் குத்தினார். “இன்னாம்மா, கை ஒடஞ்சிடும்போல கீதே” என்று முனகினார். “எனக்குத் தொண்டை போச்சு சார்” என்றேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார்.

6. அதற்குப் பிறகு

விசாரணை நாளில் எம்.எல்.ஏ. வந்தார். அமைச்சர் சொன்ன அதே இரண்டு வரியைப் படித்துக் காட்டி, “பார்க்கச் சொல்கிறேன்னு சொல்லிக்கீறாரு. வந்து பாருங்க” என்றார். அதிகாரி வந்து, கதிர் பிடித்திருந்த வயலை வரப்போடு வரப்பாக நடந்து பார்த்தார். சில மாதம் கழித்து அடுத்த கெஜட் வந்தது. ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சை பட்டியலில் இல்லை. தணிகாசலத்தின் ரோட்டோரத் துண்டு மட்டும் சாலைக்காகப் போய்விட்டது. அந்தச் செய்தியையும் நானே போய்ச் சொன்னேன். மீதி ஒரு ஏக்கர் தப்பியதே என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தண்ணீர் மட்டும் கொடுத்தார்.

அடுத்த கடிதம் டைப் அடிக்கும்போது பக்கத்தை இரண்டாகப் பிரித்தேன். மேலே ‘நடக்காதவை’. கீழே ‘நடந்தவை’. எம்.எல்.ஏ.வுக்குப் பிடிக்கவில்லை.

“மத்தவன்லாம் மால போட்ட போட்டோவ மேல போடறான். நம்ப ஒப்பாரியில ஆரம்பிக்கறதா?”

“டிக்கெட் இருக்கறது மட்டும்தான் சார் கீழ வரும். இல்லாததெல்லாம் மேலதான் நிக்கணும்.”

முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஆனால் அந்தத் தலைப்புதான் கூட்டத்தைச் சேர்த்தது. நடக்காத பட்டியலைக் கேட்க ஜனங்கள் ரேடியோ முடிந்த பிறகும் உட்கார்ந்திருந்தார்கள். விட்டுப்போனதைச் சொன்னார்கள். எந்த ஆபீஸில் ஃபைல் நிற்கிறது என்று அவர்களே விசாரித்து வந்தார்கள். எம்.எல்.ஏ.வுக்கும் சபையில் கேட்கக் கேள்வி குறையவில்லை.

மேட்டுப் புஞ்சையில் பேட்டை வந்தது. முதலில் திறந்த பாக்டரியில் குப்பம்மாளின் மருமகள் வேலைக்குச் சேர்ந்தாள். காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. கண்டிகையிலிருந்து இருட்டோடு நடந்தாக வேண்டும். ‘காலை ஷிப்டுக்குக் கண்டிகை பஸ்: வரவில்லை’ என்ற வரி பட்டியலில் ஏறியது. ஒன்பது கடிதமாக அதே இடத்தில் நின்றது. குப்பம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “பஸ்ஸு இன்னும் மேலயே கீதா?” என்பாள். மேலேதான் இருக்கிறது என்பேன். ஒருமுறைகூட, வந்துவிடும் என்று சொன்னதில்லை. சொல்ல நாக்கு துடிக்கும்.

எனக்கு இப்போது சர்வீஸ் கமிஷன் மூலம் வேலை கிடைத்துவிட்டது, போகிறேன். கடிதம் உங்கள் கைக்கு வரும். நன்றாக எழுதுங்கள், சுவாரசியமாகவே எழுதுங்கள், சோம்பலாக எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ரேடியோ அறைக்கு எதிரே உட்கார்ந்து அதைக் கேட்கிறவர், கேட்டுவிட்டு எதை அடுப்பில் போடுவார் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ஸ்டென்சிலில் கை வையுங்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

போன வாரம் அந்த பஸ் ரூட் அனுமதி ஆகிவிட்டது என்று எம்.எல்.ஏ. சொன்னார். உத்தரவின் நகலும் வந்தது. வரியைக் கீழே இறக்கு என்றார். இரண்டு நாள் பொறுங்கள் சார் என்றேன். பஸ் ஓடத் தொடங்குவதற்கு முந்தின இரவு குப்பம்மாள் வீட்டில் தங்கி, விடியற்காலை அவளுடைய மருமகளோடு போய் ரோட்டில் நின்றேன். விளக்கு தெரிந்தது, வந்து நின்றது, ஏறினோம். அன்றைக்குத்தான் வரியைக் கீழே இறக்கினேன். ஃபைலில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் உத்தரவு நகலுக்கு மேல் குண்டூசியில் ஒரு பஸ் டிக்கெட் குத்தியிருக்கும் பாருங்கள். கண்டிகை முதல் பேட்டை வரை, ஒரு ஆள்.